சலிப்பும் தொண்டும்

தொண்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் சில காட்சிகள் விரிகின்றன. வெள்ளத்தில் சிக்கிய முதியவரைத் தோளில் சுமந்து கரை சேர்க்கும் இளைஞன். குருதிக்கொடை முகாமில் கைநீட்டிப் படுத்திருக்கும் மாணவி. பசித்தோர்க்குச் சோறு பரிமாறும் பெரியவர். இவை யாவும் போற்றத்தக்கன என்பதில் ஐயமில்லை. ஆயினும் உலகில் நடைபெறும் தொண்டின் பெரும்பகுதி இத்தகையது அன்று. நூலகத்தில் ஆயிரம் நூல்களுக்கு அட்டை எழுதுதல், நிவாரணப் பொருள்களை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுதல், பார்வையற்ற மாணவர்க்காகப் பாடநூலை வரிவரியாகப் படித்து ஒலிப்பதிவு செய்தல், பழைய நூலொன்றின் பக்கங்களை எழுத்தெழுத்தாக மூலத்தோடு ஒப்புநோக்குதல் முதலியனவும் தொண்டுகளே. இவற்றைச் செய்வோரை யாரும் நிழற்படம் எடுப்பதில்லை. மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதும் இல்லை.

‘இத்தகைய வேலையைச் செய்வதால் எனக்கு என்ன பயன்? இது சலிப்பூட்டுகிறதே’ என்று மாணவர் பலர் கேட்கின்றனர். இது சோம்பலில் பிறந்த கேள்வி என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது முறையன்று. உண்மையாகவே சலிப்பூட்டும் வேலையைச் சலிப்பற்றது என்று சொல்லி இளைஞரை ஏமாற்றுதல் கூடாது. சலிப்பை ஒப்புக்கொண்டு, அதற்கு அப்பாலும் அவ்வேலைக்குப் பொருள் உண்டா என்று ஆராய்வதே நேர்மை. உண்டு என்பதே என் கருத்து. ஆனால் அப்பொருள் தானே வந்து சேர்வதில்லை. செய்வோரும் செய்விப்போரும் அதனைத் தேடிக் கண்டடைய வேண்டும்.

சீட்டு எழுதியோர் கட்டிய மாளிகை

ஆங்கில மொழியின் மிகப் பெரிய வரலாற்று அகராதியாகிய ஆக்ஸ்போர்டு அகராதி உருவான கதை இவ்விடத்தில் எண்ணத்தக்கது. 1857-ஆம் ஆண்டில் இலண்டன் மொழியியற் கழகத்தார் இம்முயற்சிக்கு வித்திட்டனர். ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில், எந்த நூலில், எந்தப் பொருளில் வழங்கிற்று என்பதை எடுத்துக்காட்டுகளுடன் நிறுவ வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். ஒருவரோ பதின்மரோ செய்து முடிக்கக்கூடிய பணியன்று அது. எனவே பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தனர். 1879-இல் பதிப்பாசிரியப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே அவ்வேண்டுகோளைப் புதுப்பித்துப் பல நாடுகளுக்கும் அனுப்பினார்.

தொண்டர்கள் செய்ய வேண்டிய வேலை இதுதான்: ஒரு நூலைப் படிக்க வேண்டும், ஒரு சொல்லைக் கண்டால் சிறு தாள் ஒன்றில் அச்சொல்லையும், அது வரும் தொடரையும், நூலின் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றையும் எழுதி அஞ்சலில் அனுப்ப வேண்டும். பின்பு அடுத்த சொல். அதன் பின்பு அதற்கடுத்த சொல். ஆசிரியர்கள், பாதிரிமார்கள், இல்லத்தரசியர், ஓய்வுபெற்றோர் எனப் பலரும் இதனை ஆண்டுக்கணக்கில் செய்தனர். ஏறத்தாழ 50 இலட்சம் சீட்டுகள் வந்து குவிந்தன. 1884-இல் முதற்பகுதி வெளிவந்தது. 1928-இல் பணி நிறைவெய்தியபோது 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இடம்பெற்றிருந்தன. மர்ரே அந்நிறைவைக் காணவில்லை. அவர் 1915-லேயே மறைந்துவிட்டார்.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்க செய்திகள் இரண்டு உள.

முதலாவது: வந்து சேர்ந்த 50 இலட்சம் சீட்டுகளில் அச்சேறியவை ஏறத்தாழ 18 இலட்சமே. மூன்றில் இரண்டு பங்கு சீட்டுகள் நூலில் இடம்பெறவில்லை. அப்படியானால் அவற்றை எழுதியோர் உழைப்பு வீணா? அன்று. பத்துச் சான்றுகளுள் சிறந்த மூன்றைத் தெரிந்தெடுக்க வேண்டுமாயின் பத்தும் கையில் இருத்தல் வேண்டும். ஒதுக்கப்பட்ட ஏழும் இருந்தமையால்தான் எடுக்கப்பட்ட மூன்றும் சிறந்தவை என்று துணிய முடிந்தது. தொண்டின் பயனை, ‘என் பெயர் வந்ததா, என் சீட்டு அச்சேறியதா’ என்று அளப்பவர்க்கு இவ்வுண்மை விளங்காது.

இரண்டாவது செய்தி இன்னும் கூர்மையானது. தொண்டர்கள் அரிய சொற்களையும் விந்தையான சொற்களையும் கண்டவுடன் ஆர்வத்தோடு குறித்து அனுப்பினர். நாள்தோறும் வழங்கும் எளிய சொற்களைக் கண்டும் காணாதார்போல் விட்டுவிட்டனர். ‘அபியூஷன்’ என்னும் வழக்கொழிந்த சொல்லுக்கு ஏறத்தாழ 50 சான்றுகள் வந்தன. யாவரும் அறிந்த ‘அபியூஸ்’ என்னும் சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை என்று மர்ரே வருந்தினார். விடுபட்ட எளிய சொற்களுக்குரிய சான்றுகளை அவரும் அவருடைய உதவியாளர்களும் தேடி அலைய வேண்டியதாயிற்று. தொண்டிலும் நாம் பளபளப்பானதையே நாடுகிறோம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? அரிய சொல்லைக் கண்டுபிடிக்கும் இன்பம் பலருக்கு வேண்டும். எளிய சொல்லைக் குறித்து வைக்கும் சலிப்பு எவருக்கும் வேண்டாம். ஆனால் அகராதியைத் தாங்கி நிற்பவை எளிய சொற்களே.

ஏட்டிலும் திரையிலும் ஒரே பிழை

பிறமொழிக் கதை போதும்; நம் மொழிக்கு வருவோம். தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தது எவ்வாறு? பனையோலை நெடுங்காலம் நிலைப்பதன்று. செல்லும் பூச்சியும் ஈரமும் அதனை அரிக்கும். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை யாரேனும் ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியாக வேண்டும். எழுதாத நூல் அழிந்தது. எழுதிய நூல் வாழ்ந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சில் ஏற்றினார் என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அவர் கைக்கு அவ்வேடுகள் வந்து சேரும்வரை, பல நூற்றாண்டுகளாக அவற்றைப் படியெடுத்துக் காத்த கைகள் எத்தனை! அவற்றுள் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது.

படியெடுத்தல் எத்துணைக் கடினம் என்பதை இன்றைய மாணவர் உணர்தல் வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே வடிவின. ஆகவே ஏட்டில் ஒரே வகையாக எழுதப்பட்ட சொல்லைப் ‘பால்’ என்றும் படிக்கலாம். ‘பரல்’ என்றும் படிக்கலாம். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் வழக்கு முழுவதும் சிலம்பின் பரலை நம்பியே நிற்கிறது. அவ்விடத்தில் ஒருவர் கண் அயர்ந்து பரலைப் பாலாக்கிவிட்டால் காப்பியத்தின் கதி என்னாவது?

வியப்பு யாதெனில், ஓலையில் மனிதரை மயக்கிய அதே ரகரமும் காலும்தாம் இன்று கணிப்பொறியையும் மயக்குகின்றன. பழைய நூலின் பக்கத்தைப் படமெடுத்து, எழுத்துணரி என்னும் மென்பொருளைக் கொண்டு எழுத்தாக மாற்றும்போது, கால் ரகரமாகிறது, ரகரம் காலாகிறது, புள்ளி மறைகிறது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன்னர் அச்சான நூல்களில் ‘லை’, ‘ணை’, ‘றா’, ‘னா’ முதலியவற்றின் பழைய வடிவங்களைக் கண்டு அப்பொறி மேலும் தடுமாறுகிறது. ஆகவே மனிதக் கண் ஒன்று, படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்து, வரிக்கு வரி பார்த்துத் திருத்தியாக வேண்டியிருக்கிறது. அன்று எழுத்தாணி பிடித்தோர் செய்த பணியின் தொடர்ச்சியே இது.

இப்பணியைத் தமிழர் பலர் ஊதியமின்றிச் செய்து வருகின்றனர். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் அவற்றுள் முன்னோடி. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்த, பல நாடுகளில் சிதறி வாழும் தமிழர்கள் தத்தம் வீட்டிலிருந்தே பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் மெய்ப்புத் திருத்தியும் உதவினர். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலேயே ஒன்றுபட்டு உழைத்தோர் பலர். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அத்திட்டத்தின் நூல்வரிசையில் உண்டு. ஈழத்தில் 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தகைய இழப்பைக் கண்ட மண்ணின் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் பணியை நூலகம் நிறுவனம் 2005-ஆம் ஆண்டு முதல் ஆற்றி வருகிறது. விக்கிமூலம் என்னும் தளத்திலோ, ஒருவர் மெய்ப்புத் திருத்தினால் அப்பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். வேறொருவர் மீண்டும் சரிபார்த்தால்தான் பச்சையாகும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க இயலாது. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்னும் பழைய உண்மையை எவ்வளவு எளிதாக ஒரு விதியாக்கிவிட்டனர்!

பொருள் பிறக்கும் இடங்கள்

இத்தகைய பணியில் பொருள் எங்கே பிறக்கிறது? மூன்று இடங்களில் பிறக்கிறது என்பேன்.

ஒன்று, பயன்பெறுவோரை நினைத்தலில். ‘இன்று பத்துப் பக்கம் முடித்தேன்’ என்று எண்ணுபவர்க்குப் பதினோராம் பக்கம் சுமை. ‘இப்பக்கத்தைத் தேடி எங்கோ ஒரு சிற்றூரிலிருந்து ஒரு மாணவர் வருவார், அவரூரில் நல்ல நூலகம் இல்லை’ என்று எண்ணுபவர்க்கு அதே பக்கம் ஒரு கடன். வள்ளுவர் ஒப்புரவுக்கு மழையை உவமை கூறியது இதனால்தான். மழை யாருக்குப் பெய்கிறோம் என்று பார்ப்பதில்லை; கைம்மாறு கேட்பதும் இல்லை. நாமும் நம்மால் பயன்பெறுவோரைக் காணப்போவதில்லை. காணாதவர்க்குச் செய்வதே தொண்டின் தூய வடிவம்; கண்டவர்க்குச் செய்வதில் நன்றியை எதிர்பார்க்கும் ஆசை எப்படியும் சிறிது கலந்துவிடுகிறது.

இரண்டு, கவனத்தின் பயிற்சியில். ஒரு நூலை விரைந்து படிப்பவர் கதையை அறிகிறார்; மெய்ப்புத் திருத்துபவர் மொழியை அறிகிறார். ஏன் இங்கே ஒற்று மிகுந்தது, ஏன் இங்கே மிகவில்லை, இச்சொல்லை ஆசிரியர் ஏன் இவ்வாறு பிரித்தார் என்று ஒவ்வொரு வரியும் அவரை நிறுத்திக் கேட்கிறது. இலக்கண வகுப்பில் தூங்கியவரும் இவ்வேலையில் இலக்கணம் கற்றுக்கொள்வார். இது தொண்டுக்குக் கிடைக்கும் கூலியன்று. தொண்டுக்குள்ளேயே விளையும் விளைவு. பள்ளம் தோண்டுபவன் கை உரமேறுவது போன்றது இது.

மூன்று, உண்மைக்குக் கட்டுப்படுதலில். மெய்ப்பு என்னும் சொல்லிலேயே மெய் இருக்கிறது. மூலத்தில் உள்ளதை உள்ளவாறே தருதல் வேண்டும். தமக்குப் பிடித்தவாறு மாற்றுதல் கூடாது. ‘தீன்’ என்னும் சொல் இசுலாமியத் தமிழ் இலக்கியத்தில் மார்க்கத்தைக் குறிக்கும். அதனை அறியாத ஒருவர், ‘இது அச்சுப்பிழை’ என்று கருதித் ‘தேன்’ எனத் திருத்திவிட்டால், இனிமை கூடலாம், பொருள் மாண்டுபோம். தனக்குத் தெரியாததைத் தவறு என்று துணியாதிருத்தல் மெய்ப்பாளர்க்கு மட்டுமன்றி, பல சமயத்தாரும் பல வழக்கினரும் சேர்ந்து வாழும் நாட்டின் குடிமக்கள் யாவர்க்கும் வேண்டிய பண்பு. அதனை ஒரு சலிப்பான வேலை கற்றுத்தருமாயின், அவ்வேலையை வாழ்த்த வேண்டாமா?

இரு மறுப்புகள்

இதனை எதிர்ப்போர் கூறும் காரணங்கள் இரண்டினைக் கருதுதல் கடன்.

‘இது ஊதியம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை, இளைஞர் உழைப்பைத் தொண்டு என்னும் பெயரால் இலவசமாகப் பெறுவது நியாயமா?’ என்பது ஒன்று. இம்மறுப்பில் உண்மை உண்டு. விலைக்கு விற்கப்படும் நூலுக்கும், ஆதாயம் தேடும் நிறுவனத்துக்கும் மாணவர் இலவசமாக உழைத்தல் தொண்டு ஆகாது, அது சுரண்டல். யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கும் பொதுச் செல்வத்துக்கு உழைப்பதே தொண்டு. இக்கோட்டைத் தெளிவாக வரைந்துகொள்ளுதல் வேண்டும். மேலும், தொண்டில் வரும் சலிப்பு எல்லாமே தவிர்க்க இயலாத சலிப்பு என்று கொள்ளுதலும் தவறு. ஒரே பட்டியலை இரு குழுவினர் அறியாமல் இருமுறை எழுதுவதும், எழுதிய பின் அது எவருக்கும் பயன்படாமல் அலமாரியில் கிடப்பதும் நடத்துவோரின் திட்டமின்மையால் விளைபவை. தொண்டரின் பொறுமையைத் தலைவர்கள் தம் சோம்பலுக்கு மூடுதிரையாக்கிக் கொள்ளக் கூடாது. செய்த வேலை எங்கே சென்றது, என்ன ஆயிற்று என்று தொண்டர்க்குச் சொல்லுதல் அவர்தம் கடமை.

‘நாளை கணிப்பொறியே பிழையின்றிச் செய்துவிடும், நாம் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?’ என்பது மற்றொன்று. எழுத்துணரிகள் ஆண்டுதோறும் மேம்பட்டு வருகின்றன என்பது மெய்யே. ஆனால் பொறி, தான் மிகுதியாகக் கண்டதை நோக்கியே சாயும் இயல்புடையது. பழக்கமில்லாத சொல்லைப் பழக்கமான சொல்லாக மாற்றிவிடும் ஆபத்து அதில் உண்டு. இங்கேதான் நம் சமுதாய இலக்கியத்தின் நிலை கவலைக்குரியதாகிறது. கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, படைப்போர், நாமா எனத் தமிழுக்குப் புதிய இலக்கிய வகைகளைத் தந்தவர்கள் இசுலாமியப் புலவர்கள். அந்நூல்களில் விரவி வரும் அரபு, பாரசீகச் சொற்களைப் பொறி எவ்வாறு அறியும்? தமிழ் மட்டும் கற்ற மெய்ப்பாளரும் எவ்வாறு அறிவார்? அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் நூல்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழுக்கே உரிய ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புதுக்குறிகள் அமைத்து நம் முன்னோர் எழுதிவைத்த அந்நூல்களைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுத இரு எழுத்தும் அறிந்தோர் வேண்டும். அத்தகையோர் நம் இல்லங்களில் முதியவர்களாக இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அவர்தம் அறிவைக் கொள்ளாவிட்டால், பின்னர்ப் பொறி வந்து என்ன பயன்?

நம்மால் இயன்றது

1842-ஆம் ஆண்டில் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சீறாப்புராணத்தை முதன்முதலாக அச்சேற்றினார்கள். 5,027 பாடல்களை ஏட்டோடு ஏடு வைத்து ஒப்புநோக்கி, அச்சுக்கு ஏற்றவாறு எழுதுவித்துத் திருத்துதல் எத்தனை நாள் உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். முதற்பாடலைத் திருத்தும்போது இருந்த ஆர்வம் மூவாயிரமாவது பாடலைத் திருத்தும்போதும் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆர்வம் குன்றிய பின்னும் கை நிற்கவில்லை என்பதே அவர்கள் பெருமை. தொண்டு ஆர்வத்தில் தொடங்குகிறது, கடமையில் தொடர்கிறது, தொடர்ந்தவர்க்கே அதன் பொருள் புலனாகிறது.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ஆம் ஆண்டில் காந்தியடிகள் நூற்றாண்டையொட்டித் தொடங்கப்பெற்றது. அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டும் என்பது விதி. அந்நேரத்தில் ஒரு பகுதியை நூல் காக்கும் பணிக்கு ஏன் ஒதுக்கக் கூடாது? ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு துறையில் 20 மாணவர்கள் வாரத்துக்கு இரண்டு பக்கம் வீதம் மெய்ப்புத் திருத்தினால் 40 பக்கம். 200 பக்க நூல் ஐந்து வாரத்தில் முடியும். மற்றொருவர் கண்ணால் மீண்டும் சரிபார்க்க இன்னும் ஐந்து வாரம். பத்து வாரத்தில், அதாவது ஒரு பருவத்துக்குள், அழிவின் விளிம்பில் நின்ற நூலொன்று உலகத் தமிழர் யாவர்க்கும் உரியதாகிவிடும். ஒருவர் தோளுக்கு இது சுமையே அன்று.

இதில் ஆசிரியப் பெருமக்களின் பங்கு, தக்க நூலைத் தெரிந்து தருதலும் ஐயம் தீர்த்தலும் ஆகும். சமுதாயப் பெரியோர்களின் பங்கு, தம் வீட்டுப் பரண்களிலும் பெட்டிகளிலும் உறங்கும் பழைய நூல்களையும் ஏடுகளையும் ஒருமுறை வெளியே எடுத்துப் படமெடுக்க இசைவளித்தல் ஆகும். நூலைக் கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை, காட்டினால் போதும். மாணவச் செல்வங்களின் பங்கோ, சலிப்பு வரும்போது எழுந்துபோகாமல் இன்னும் ஒரு பக்கம் அமர்ந்திருத்தல் ஆகும்.

சான்றிதழ் தருவதையும் பாராட்டுவதையும் நான் குறை கூறவில்லை. அவை வரலாம், வராமலும் போகலாம். எந்த நாளிலோ, எந்த ஊரிலோ, பெயரறியாத ஒருவர் நாம் திருத்திய பக்கத்தைத் திறந்து, தடையின்றிப் படித்து, பொருள் உணர்ந்து, அடுத்த பக்கத்துக்குச் செல்வார். அங்கே பிழை இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. அவ்வாறு தெரியாமற் போவதே நம் தொண்டின் வெற்றி.